அறுபதைத் தாண்டினால் நடுக்கம்

என் காருக்குள் இப்படியொரு நோய் இருப்பது சண்டை முடியும் வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரிய வழியும் இல்லை. மருதமுனையில் வாடகைக் கார் ஓட்டுகிற எவன் அந்தக் காலத்தில் நாற்பதுக்கு மேலே ஓடினான்? முடக்குக்கு முடக்கு ஆமிச் சென்றி. இறங்கு, அடையாள அட்டையைக் காட்டு, டிக்கியைத் திற. சென்றி இல்லாத இடத்தில் சுனாமி கிளப்பிப் போட்ட றோட்டு. அதில் வேகம் பார்க்கப் போனவன் முதுகைத்தான் உடைத்துக்கொண்டான்.

பிறகு சண்டை முடிந்து காபட் றோட்டு வந்தது. கறுப்பாக, பாய் விரித்த மாதிரி. ஆசையோடு காலை அமத்தினேன். எழுபதைத் தாண்டியதுதான் தாமதம், கார் நடுங்கத் தொடங்கியது. பின்னால் இருந்த பெண்கள் "அல்லாஹ்வே!" என்று சீட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அறுபதுக்கு இறக்கினேன், நடுக்கம் நின்றுவிட்டது. மறுபடி எழுபது, மறுபடி நடுக்கம். வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது. ஆனால் இதென்ன கூத்து, மீட்டரைப் பார்த்து நடுங்குகிற சாமான் எது என்று யோசனையும் ஓடியது.

சரி, எழுபதுக்குக் கீழே ஓடிக்கொள்வோம் என்று காலம் தள்ளினேன். காசு பத்தாத ஒரு நாள், கட்டாருக்குப் போகப் போகிறேன் என்று வீட்டில் வாய் விட்டும் இருந்தேன். போன மாதம் திடீரென்று அறுபதிலேயே நடுங்கத் தொடங்கியது. வேன் வைத்திருக்கிற பொடியன்மார் ஹோனை அடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள். ஹயருக்குக் கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். அந்த நேரம் பார்த்து, கட்டாரில் ஒரு வீட்டுக்குச் சாரதி வேலை இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லுங்கள் என்று கல்முனை ஏஜென்சிக்காரன் நச்சரித்தான். நான் மனைவி றாஹிலாவிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். நடுக்கம் நிற்காவிட்டால் காரை இரும்புக்குக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று.

எங்களுக்கு இருந்தது ஒரே மகன், றிக்காஸ். சுனாமியன்று அவனைக் கடல் கொண்டுபோனது. நானும் போனால் வீட்டில் அவளும் சுவரும்தான். அது எனக்குத் தெரியாதா? தெரிந்து என்ன, அடுப்பு எரிய வேண்டுமே.

வியாழக்கிழமை காலையில் பாண்டிருப்பில் பாக்கியராசாவின் கராஜுக்குப் போனேன். என் காரைச் சுனாமிக்கு முந்தியிருந்தே பார்க்கிறவன் அவன். உப்புத் தண்ணீர் அடித்தட்டைத் தின்றுவிட்டது என்று தேநீர்க்கடையில் எல்லோரும் சொல்கிறார்கள் என்றேன்.

"தேத்தண்ணிக் கடையில கார் திருத்துறானுகளா? மனுசன்ட வாய அடைக்கேலுமா," என்றான். "நான் கேக்கிறதுக்குச் சொல்லுங்க காக்கா. ஸ்டேரிங் ஆடுதா, குண்டி ஆடுதா?"

"என்ன கதடா இது?"

"ஸ்டேரிங் ஆடினா முன்சில்லு. சீட்டு ஆடினா பின்னுக்கு."

"சீட்டுத்தான்."

பின்சில்லு இரண்டையும் முன்னுக்கும், முன்சில்லைப் பின்னுக்கும் மாற்றினான். நிந்தவூரைத் தாண்டினால் வயல் நடுவே நேரான றோட்டு. ஓடிப் பார்த்தோம். சில்லில் பிழை இருந்திருந்தால் நடுக்கம் ஸ்டேரிங்குக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. சீட்டிலேயே குந்திக்கொண்டிருந்தது.

"இப்ப எழுபதில வெச்சி நியூட்றல் போடுங்க." போட்டேன். எஞ்சின் அடங்கியது, நடுக்கம் அடங்கவில்லை. கரையில் நிறுத்தி, நின்ற இடத்திலேயே எஞ்சினை அலற விடச் சொன்னான். ஒரு அசைவும் இல்லை.

"அப்ப சில்லும் இல்ல, எஞ்சினும் இல்ல," என்றேன். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கள்ளன் ஒளிந்த வீட்டின் இரண்டு கதவையும் பூட்டிவிட்ட மாதிரி ஒரு சந்தோஷம்.

"நடுவுல கிடக்கிறது ஒண்டுதான். சாஃப்ட்," என்றான் பாக்கியராசா. எஞ்சினின் சுழற்சியைப் பின்சில்லுக்குக் கொண்டுபோகிற நீளத் தண்டைத்தான் சாஃப்ட் என்பது. கார் எவ்வளவு வேகமோ, அதுவும் அவ்வளவு வேகமாகச் சுற்றும்.

கராஜுக்குத் திரும்பி, காரைக் குழிக்கு மேலே விட்டு, இரண்டு பேரும் உள்ளே இறங்கினோம். மூட்டுகளை அசைத்துப் பார்த்தான், இறுக்கம். தண்டு வளைந்திருக்கிறதா பார்த்தான், நேர். நடுவில் ஒரு கறுத்த கட்டி தெரிந்தது.

"இது என்னடா?"

"அது எப்பவும் கிடக்கிறதுதான். சாஃப்ட் சமமாச் சுத்த கொம்பனிக்காரன் சின்னத் துண்டு இரும்பு ஒட்டி விடுவான்."

நான் சாரனைத் தூக்கிக் கட்டிக்கொண்டு டோர்ச்சைக் கிட்டப் பிடித்தேன். கறுத்த கட்டிக்குப் பக்கத்திலேயே இன்னொரு கட்டி. அதைச் சுற்றியிருந்த கம்பி பளபளத்தது.

"அப்ப கொம்பனிக்காரன் ஜப்பானில இருந்து வந்து போன மாசம் புதுக் கம்பி கட்டிட்டுப் போனானா?"

பாக்கியராசா கிட்டக் குனிந்து பார்த்தான். குறட்டால் இரண்டு கம்பியையும் வெட்டினான். மேலே சைக்கிள் டியூப் றப்பர், அதற்குள்ளே பெருவிரல் நீளத்தில் ஈயக் கூடு. ஒன்றின் வாயைப் பிரித்தேன். சுருட்டிய கடதாசி, அறபு எழுத்து. இசிம்! லெப்பை ஓதி, காவலுக்கென்று எழுதிக் கொடுக்கிற இசிம். இதெல்லாம் மார்க்கத்துக்கு ஆகாது என்று பள்ளிவாசல் முற்றத்தில் நின்று ஊரோடு சண்டை பிடிக்கிற ஆள் நான். ஆட்டைத் தோளில் வைத்துக்கொண்டு காடெல்லாம் தேடின கதையாக, என் காருக்கு அடியிலேயே இரண்டு கிடக்கிறது.

"இவ்வளவு பாரம் ஒரு பக்கமாத் தொங்கினா ஆடாம என்ன செய்யும்? ஓடிப் பாருங்க காக்கா முதல்ல," என்று பாக்கியராசா கத்தினான். நான் எங்கே கேட்டேன்! என் காருக்கு இசிம் கட்டக்கூடியவள் ஒருத்திதான். நேரே வீட்டுக்கு விட்டேன்.

றாஹிலா குசினியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். இரண்டையும் அவள் முன்னால் போட்டேன். முகம் வெளுத்துவிட்டது.

"கழட்டிட்டீங்களா?"

"எப்ப கட்டின?"

"கறுத்தது, மகன்ட நாப்பதாம் நாள் கத்தம் ஓதி முடிஞ்ச வெள்ளிக்கிழம. நீங்க ஜும்ஆவுக்குப் போன நேரம். உள்ளுக்குத் தொங்க விட்டா நீங்க பிச்சி எறிஞ்சிருவீங்க. அடியில ஒரு பைப் கிடந்திச்சி, அதில கட்டினன்."

"அது பைப் இல்ல புள்ள, சுத்துற சாமான்! ஆமிக்காரன் கண்ணாடிக் கம்ப அடியில விட்டுப் பாத்திருந்தா, குண்டு எண்டு என்ன அந்த இடத்திலயே சுட்டிருப்பான். தெரியுமா?"

"சுடல்லதானே," என்றாள். "ஒவ்வொரு நாளும் வீட்ட வந்து சேந்தீங்கதானே."

பளபளத்த கம்பி கட்டியிருந்ததைக் குனிந்து எடுத்தேன்.

"சரி, இந்தப் புதிசு?"

அரிசிச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க முதல் முதல் கட்டாருக்குப் போறயன் எண்டு சொன்னதுக்கு அடுத்த வெள்ளி."

"எதுக்கு?"

"நீங்க போகாம இரிக்கிறதுக்கு." அதைச் சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "ஒருத்தனத் தண்ணி கொண்டு போயிட்டு. மத்தவரப் பிளேன் கொண்டு போகட்டும் எண்டு நான் பாத்துக்கிட்டு இரிக்கணுமா?"

எழுபதில் நடுங்கிய கார் போன மாதம் ஏன் அறுபதுக்கு இறங்கியது என்று அப்போதுதான் விளங்கியது. நடுக்கம் கூடக் கூட நான் ஏஜென்சிக்குக் கிட்டப் போயிருக்கிறேன். என்னைப் பிடித்து வைக்க இவள் கட்டிய பாரம்தான் என்னைத் துரத்தியிருக்கிறது. சிரிப்பதா, ஏசுவதா என்று தெரியாமல் அதை அவளிடம் சொன்னேன். விளங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யா அல்லாஹ், நானா செய்தன்? அப்ப இனி ஆடாதா?"

"எனக்கென்ன தெரியும்? இன்னும் ஓடிப் பாக்கல்ல. வா, ஏறு."

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து முன்சீட்டில் ஏறினாள். நிந்தவூரைத் தாண்டினோம். வயல் வந்தது. ஐம்பது, அறுபது. அவள் கண் மீட்டரில். எழுபது. கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டு "பிஸ்மில்லாஹ்" என்றாள். எண்பது. கார் சட்டியில் எண்ணெய் போலப் போனது. அவள் பிடியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் எனக்குத் தாங்கவில்லை.

கரையில் நிறுத்தி ஏஜென்சிக்காரனுக்குக் கோல் எடுத்தேன். "நான் போகல்ல தம்பி."

"என்ன காக்கா, எல்லாம் ரெடி! என்ன வந்த உங்களுக்கு?"

"பொஞ்சாதி இசிம் கட்டிட்டா," என்றேன்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் சிரிக்கவில்லை.