ஒரு தடவை அழுத்தினால் கோபம்

மார்ச் பன்னிரண்டு, மலை உச்சி வானிலை நிலையம்: காலை அறிக்கை கீழே போய்ச் சேரவில்லை.

நிலையத்தில் இருந்தது ஒரே ஆள். வெப்பம், காற்று, மழை அளந்து ரேடியோவில் கீழே சொல்வது அவன் வேலை. கட்டுப்பாட்டு அறையில் அதை எழுதிக்கொள்பவளை அவன் நேரில் பார்த்ததே இல்லை. குரல்தான் பழக்கம். அவளுக்கு அவன் மலைத்தம்பி. அவனுக்கு அவள் கீழக்கா. கைபேசி அங்கே எடுக்காது. அறிக்கை முடிந்தபின் அவள் இழுத்துவைத்துப் பேசும் சில நிமிஷம்தான் அவனுக்கு ஒரு நாளின் மொத்தப் பேச்சும்.

முந்தின நாள் சாயங்காலம் அவள், "நாளை மத்தியானத்தோட எனக்கு ஓய்வு தம்பி. மகன் வீட்டோட போயிடறேன்," என்றாள். "சரி" என்று மட்டும் சொல்லி ரேடியோவை வைத்துவிட்டான். பிறகு இருப்புக்கொள்ளாமல் அறையை ஒழித்துச் சுத்தம் செய்தான். கட்டிலுக்கடியில் அமில நெடி அடித்துக்கொண்டிருந்த ரேடியோ பேட்டரிகளைத் தூக்கி வெளிக் கொட்டகையில் வைத்து, அங்கிருந்து ரேடியோவுக்குப் புது ஒயர் இழுத்துவிட்டுப் படுத்தான்.

காலையில் அவள் குரல் தெளிவாக வந்தது. பதில் சொல்ல மைக்கின் பொத்தானை அழுத்தினான். ரேடியோ 'டொக்' என்று அணைந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தானே உயிர் வந்தது.

"தம்பி? பொத்தான் அழுத்துற சத்தம் வருது, பேச்சக் காணோம். வாய்க்குப் பூட்டு போட்டுட்டியா?"

மறுபடி அழுத்தினான். டொக்.

கேட்பதற்கு ரேடியோவுக்குக் கொஞ்சம் மின்சாரம் போதும். பேசத்தான் நிறைய வேண்டும். இருபத்துநாலு வோல்ட்டைப் பன்னிரண்டாகக் குறைத்து அதற்கு ஊட்டுவது ஒரு சின்ன கன்வெர்ட்டர். சந்தேகம் அதன் மேல்தான். மீட்டரை வைத்துப் பார்த்தான். பேட்டரி சரி. ரேடியோவுக்குப் போவதும் சரி. பொத்தானை அழுத்தியதும் மட்டும் எண்கள் கண்டபடி குதித்தன. கன்வெர்ட்டரிலிருந்து மின்சாரம் வெளிவரும் பக்கத்தில் அதைத் தேக்கிக் கொடுக்கும் கெபாசிட்டரை மாற்றினான். டொக். உபரியாக இருந்த கன்வெர்ட்டரையே எடுத்து மாட்டினான். அதுவும் டொக்.

"நான் போறேன்னு கோவமாப்பா?" என்றாள் அவள், ரேடியோ எழுந்ததும். குரலில் கேலி போயிருந்தது. "சரி, பேச வேணாம். கோவம்னா ஒரு தடவ அழுத்து. இல்லன்னா ரெண்டு தடவ."

அவன் மைக்கைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒன்றுதான் போகும், இரண்டாவதற்கு ரேடியோ உயிரோடு இருக்காது. அழுத்தாமல் இருந்தால் அவள் என்ன நினைப்பாள்? யோசிப்பதற்குள் கை அழுத்திவிட்டது. டொக். செத்த பொத்தானை மேலும் நாலைந்து முறை குத்தினான்.

ரேடியோ எழுந்தபோது பேச்சின் வால்தான் கிடைத்தது. "...ஒண்ணுதான். சரிப்பா, இருக்கட்டும்."

அதன்பின் அவள் மலையைக் கூப்பிடவில்லை. மற்ற நிலையங்கள் ஒவ்வொன்றாக அறிக்கை சொல்லிவிட்டு அவளை வாழ்த்துவது கேட்டது. ஒரு ஆள் பாட்டே பாடினான்.

அவன் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைக் கோடாகக் காட்டும் கையடக்க அலைகாட்டியை எடுத்து, இந்தத் தடவை கன்வெர்ட்டருக்குள் வரும் பக்கத்தில் மாட்டினான். அழுத்தினான். நேர்கோடாக இருந்த வோல்ட் ஊஞ்சல்போல மேலும் கீழும் ஆடியது. ஒவ்வொரு வீச்சும் முந்தியதைவிடப் பெரிது. பிறகு விழுந்தது.

சுவரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். உரசிவிடக் கூடாதே என்று பிளஸ் ஒயரை ஒரு சுவரிலும் மைனஸை எதிர்ச்சுவரிலும் அறை நீளத்துக்கு ஓட்டியிருந்தான். அவ்வளவு அகன்ற சுற்றில் மின்சாரம் சட்டென்று கூடிக் குறையாது. கன்வெர்ட்டரோ பிடிவாதக்காரன். வருவது குறைந்தால் இன்னும் இழுப்பான். இழுக்க இழுக்க இன்னும் குறையும். கோளாறு பெட்டியில் இல்லை, நேற்றைய சுத்தத்தில் இருந்தது.

பழைய ஆம்ப்ளிஃபயரிலிருந்து கட்டைவிரல் பருமன் கெபாசிட்டர் ஒன்றைக் கழற்றி, கேட்டதும் கொடுக்கப் பக்கத்திலேயே ஒரு தொட்டி மாதிரி, கன்வெர்ட்டரின் வாசலில் பற்றவைத்தான். இரண்டு ஒயரையும் முறுக்கி ஒரே சுவரில் விட்டான். அழுத்தினான். கோடு லேசாகச் சிலிர்த்து அடங்கியது. ரேடியோ அணையவில்லை.

"கீழக்கா, மலை பேசுறேன். கேக்குதா?"

"கன்ட்ரோல். சொல்லுங்க சார்," என்றது ஒரு புதிய ஆண்குரல்.

"அக்கா இல்லியா?"

"இப்பதான் வண்டி ஏத்திவிட்டுட்டு வரோம். மலை இன்னிக்குப் பேசாது, நாளைக்கு நீ கூப்பிடு, பேசும்னு சொன்னாங்க."

"அவங்க நம்பர் இருக்கா?"

"ஆபீஸ் போன்தான் சார் வச்சிருந்தாங்க. ஒப்படைச்சுட்டாங்க. ஏதாச்சும் சொல்லணுமா?"

"கோவம் இல்லன்னு சொல்லணும்."

"யாருக்கு சார்?"

"விடுங்க. அறிக்கை எழுதிக்குங்க."

வெப்பம், காற்று, மழை இல்லை. புதியவன் எல்லாவற்றையும் திருப்பிப் படித்துச் சரிபார்த்தான். காலையில் என்ன பழுது என்று கேட்டான். ஒயர் போட்டதில் தவறு, சரிசெய்தாயிற்று என்று மலையிலிருந்து பதில் போனது.