கையெழுத்துப் போட்ட வோட்டு

வாக்குச் சீட்டு கைக்கு வந்ததும் குமாரசாமி அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமை. முன்பக்கம் இரண்டு பெயர், இரண்டு வட்டம். கையெழுத்துப் போட ஒரு கோடுகூட இல்லை.

"இதென்ன கடதாசி?" என்று பக்கத்திலிருந்த ஐங்கரனிடம் கேட்டார். "ஆர் போட்டதெண்டு எப்பிடித் தெரியும்?"

"தெரியக்கூடாதண்ணை. இரகசிய வாக்கெல்லோ."

"இரகசியமெண்டா ஆரும் மாத்தி வைக்கலாம்."

கிழவரோடு வாய் கொடுத்தால் விடியாது என்பது ஐங்கரனுக்குத் தெரியும்.

பதினெட்டு வருடமாகக் கட்சி அங்கத்தவர் என்றாலும் குமாரசாமி கூட்டத்துக்கு வந்தது இதுதான் முதல் தடவை. பொதுத் தேர்தல்களில் வீட்டிலிருந்தே தபாலில் வாக்களிப்பார். அந்தக் கட்டுக்குள் கையெழுத்துப் போட ஒரு தாள் இருக்கும். அதனால்தான் அதை நம்பினார்.

இன்று வராமல் இருக்க முடியவில்லை. பத்து வருடமாக மாவட்ட நிர்வாகத் தலைவியாக இருக்கும் வெஸ்லிங் அம்மாவைச் சொந்தக் கட்சிக்குள்ளேயே ஒருத்தி எதிர்க்கிறாள். வரும் தேர்தலில் யாரை நிறுத்துவது என்று இந்தத் தீயணைப்பு மண்டபத்தில் கூடியிருக்கும் நூற்றுப் பதின்மூன்று பேர் தீர்மானிக்க வேண்டும். எதிர்ப்பவள் தேனுஜா. இங்கே ஜெர்மனியிலேயே பிறந்தவள், பஸ் பாதைகளைத் திட்டமிடும் பொறியியலாளர், முப்பத்துமூன்று வயது.

"எங்கட பிள்ளையண்ணை," என்றான் ஐங்கரன் கடைசி முயற்சியாக. "ஒருக்கா அவளுக்குப் போடுங்கோவன்."

"அகதி முகாமிலை என்ரை கதவைத் தட்டினது எங்கட பிள்ளையோ?"

அந்தக் கதை ஐங்கரனுக்கு மனப்பாடம். தொண்ணூற்றிரண்டு தை மாதம். வந்த கடிதத்தை வாசிக்கத் தெரியாமல் குமாரசாமி தவணையைத் தவறவிட்டுவிட்டார். மறுநாளோடு அகதி விண்ணப்பம் தள்ளுபடி, பிறகு திருப்பி அனுப்பும் விமானம்தான். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த வெஸ்லிங் என்ற பெட்டை பனிக்குள்ளால் சைக்கிளில் வந்தாள். தாளை நீட்டினாள். ஜெர்மன் எழுத்து வராது என்று அவர் கையை விரிக்க, உன் எழுத்திலேயே போடு, அது காணும் என்று சைகை காட்டினாள். தமிழில் போட்ட அந்த ஒரு கையெழுத்தில்தான் மனைவி வந்தாள், பிள்ளைகள் வந்தார்கள், வீடு வந்தது.

மறைப்புக்குள் போய் வெஸ்லிங் அம்மாவின் வட்டத்தில் புள்ளடி போட்டார். பென்சிலை வைக்க மனம் வரவில்லை. இவ்வளவு பெரிய நன்றியைப் பெயரில்லாமல் பெட்டிக்குள் போடுவதா? கீழே தமிழில் பெரிதாக எழுதினார்: *நன்றி அம்மா. க. குமாரசாமி.*

எண்ணி முடியச் சலசலப்பு எழுந்தது. எண்ணும் மேசைக்காரர் இரண்டு வேட்பாளர்களையும் கூப்பிட்டு ஒரு சீட்டைக் காட்டினார். வெஸ்லிங் அம்மா கண்ணாடியை உயர்த்திப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். தேனுஜா வாசித்தாள். ஏதோ சொல்லித் தலையை ஆட்டினாள்.

ஒலிவாங்கியில் அறிவித்தார்கள். ஐம்பத்தாறுக்கு ஐம்பத்தாறு. எழுத்து இருந்தபடியால் ஒரு சீட்டு செல்லாது. அரை மணியில் மறுபடி வாக்கெடுப்பு.

அம்மாவை வெல்ல வைக்க வந்த குமாரசாமி, அந்த வெற்றியைத் தன் கையாலேயே பறித்துவிட்டார். போதாததற்கு, தமிழ் வாசிக்கத் தெரிந்த எதிராளி ஒருத்திக்குத்தான் அது யாருடைய வேலை என்று தெரியும். இனி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

கோப்பி மேசையடியில் நின்றவரிடம் அவளே வந்தாள்.

"மாமா, இந்தமுறை பேர் எழுதாதேங்கோ. புள்ளடி மட்டும் போடுங்கோ."

"அந்த மனுசி என்ன கேட்டது?"

"என்ன எழுதியிருக்கெண்டு. ஒரு பேர், ஆரின்ரை எண்டு சொல்லமாட்டன் எண்டன்."

அவர் கண்ணைச் சுருக்கினார். "ஆருக்குப் போட்டனெண்டும் பாத்தனிதானே?"

"பாத்தன்."

"பிறகேன் எனக்குச் சொல்லித் தாறாய்?"

"உங்கட வோட்டு வீணாப்போகக் கூடாதெல்லோ. கோப்பி ஆறுது, குடியுங்கோ."

இதில் என்ன சூழ்ச்சி என்று அவர் கோப்பி முடியும்வரை தேடினார். அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவர் வெட்கத்தில் வீட்டுக்குப் போயிருப்பார், இரண்டாம் முறையும் ஒரு வாக்கு அவளுக்கு இலாபம். எந்தப் பக்கம் புரட்டிப் பார்த்தாலும் சூழ்ச்சி அகப்படவில்லை. அது அவருக்குப் பெரிய சங்கடமாக இருந்தது.

மறைப்புக்குள் போனார். வெஸ்லிங் அம்மாவுக்கே போட்டார். வெறும் புள்ளடி.

ஐம்பத்தேழுக்கு ஐம்பத்தாறு.

மண்டபம் எழுந்து கை தட்டியது. பூங்கொத்தோடு நின்ற வெஸ்லிங் அம்மாவுக்குக் கண் கலங்கியிருந்தது. குமாரசாமி தூரத்திலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டார். அம்மா கண்டாரோ தெரியாது. பரவாயில்லை என்று பட்டது. திரும்பி, கதவடியில் மேலங்கி மாட்டிக்கொண்டிருந்த தேனுஜாவிடம் போனார்.

"நீ தோத்தது என்ரை வோட்டாலை."

"தெரியும் மாமா."

"கோவமில்லையோ?"

"கிடக்கு. நாளைக்குப் போயிடும்."

அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்தார். போன கிழமை அவள் வீடு வீடாகக் கொடுத்த துண்டுப்பிரசுரம். சுவரில் வைத்து, அவள் படத்துக்குக் கீழே பேனையை அழுத்தி எழுதினார்: *நன்றி பிள்ளை. க. குமாரசாமி.*

"பிடி. அந்த மனுசி இந்தமுறையோடை ஓயுது. அஞ்சு வருசத்தாலை வாற தேர்தலுக்கு இதைக் கொண்டுவந்து நீட்டு."

தேனுஜா வாசித்தாள். சிரிப்பு வந்துவிட்டது. "எழுத்துக் கிடக்குதெண்டு இதையும் செல்லாது எண்டுவினமோ?"

"ஆர் சொல்லுறது? இதை எண்ணுறது நீ ஒருத்திதானே," என்றார் குமாரசாமி.