நடு வீட்டு வெள்ளை

கடிதம் எழுத உட்கார்ந்த சனிக்கிழமை, ஒஸ்லோவின் புருசெத்தில் எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர். மேசையில் ஜன்னல் பக்கம் நான். எனக்கு எதிரில் மனைவி புஷ்பமலர். அவள் தம்பி ரிஷிகேசன் சோபாவின் நுனியில், ஜக்கெற்றைக் கழற்றாமல். மகள் ஹம்சத்வனி இங்கிலாந்திலிருந்து, சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த போனில்.

அவள் அங்கே வாங்கியது பழைய கல்வீட்டு வரிசையொன்றின் நடு வீடு. வீடுகள் பல என்றாலும் தெருவிலிருந்து பார்த்தால் ஒரே மாளிகை. ஒரே மட்டத்தில் ஜன்னல்கள், வரிசை முழுவதும் ஓடும் ஒரே கல் விளிம்பு, நடு வீட்டுக்கு மேலே மட்டும் முக்கோண முகப்பு. முன்சுவரை ஒருவரே வரைந்து கட்டுவித்தாராம். பின்பக்கத்தை வாங்கினவர்கள் அவரவர் வசதிப்படி கட்டிக்கொண்டார்கள்.

புதுவீட்டுக் குடிபூரலுக்குப் போன ரிஷிகேசனுக்கு அந்தச் சுவரில் படிந்திருந்த கரி பொறுக்கவில்லை. வெள்ளையடிக்காத வீட்டில் பால் காய்ச்சுவதா? ஒஸ்லோவில் மரவீடுகளுக்குப் பெயின்ற் அடிப்பதுதான் அவன் தொழில். தன் வேலை வானில் கொண்டுபோன வெள்ளைப் பெயின்றை, ஹம்சத்வனி வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ஏணி வைத்து அடித்து முடித்துவிட்டான்.

அந்த வரிசை சட்டம் பாதுகாக்கும் பழைய கட்டடம்; அனுமதியில்லாமல் அதன் கல்லில் எதுவும் பூசக்கூடாதாம். இப்போது அந்த ஊர் நகரசபை கேட்கிறது: அடித்தவர் யார், என்ன பெயின்ற், கையொப்பத்தோடு எழுதித் தரவேண்டும். ரிஷிகேசன் போன மாதம்தான் சொந்தமாக ஒரு நிறுவனம் பதிந்திருந்தான். இப்படி ஒரு பெயர் வந்தால் யார் வேலை தருவார்கள் என்பது அவன் பயம்.

“முந்தி அந்த வீட்டிலை இருந்த ஆக்கள் அடிச்சதெண்டு எழுதுங்கோ அத்தான்.”

புஷ்பமலர் வரிசையின் படத்தை அவன் முன் நீட்டினாள். “வாய் முழுக்கப் பழுப்புப் பல்லு, நடுவிலை ஒண்டு கட்டின பல்லு. முந்தி இருந்தவைக்கு என்ன விசரே?”

என்ன பெயின்ற் என்று தெரியாமல், அதைக் கழற்றப் பிழையான மருந்து போட்டால் கல்லின் முகமும் சேர்ந்து உரிந்துவிடும் என்று ஹம்சத்வனி சொன்னாள். அப்படியே விட்டாலும் உள்ளே ஈரம் அடைபட்டுக் கல் பொரிந்து போகுமாம்.

“கல்லும் ஈரம் விடுமே பிள்ளை?”

“ஓம் மாமா. உங்கடை மரம் மாதிரித்தான்.”

மூடிப் பூசி உக்கிப்போன பலகைகளை அவன் எத்தனையோ கழற்றியிருக்கிறான். படத்தைத் திருப்பிக் கொடுத்தான். பிறகு ஜக்கெற்றைக் கழற்றினான்.

“எழுதுங்கோ அத்தான். நான்தான் அடிச்சனான்.”

கீழே நிறுத்தியிருந்த வானிலிருந்து மிச்சப் பெயின்ற் வாளியை எடுத்து வந்தான். அதன் லேபலில் இருந்ததை எழுத்துக்கு எழுத்து கடிதத்தில் இறக்கினேன். நகரசபை நியமிக்கும் கல்வேலைக்காரருக்குக் கீழே கோடை லீவில் தானும் வந்து பெயின்றைக் கழற்றத் தயார் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னான். வேண்டாமென்பார்கள் என்றாள் புஷ்பமலர். என்றாலும் கிடக்கட்டும் என்றான்.

ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். கையொப்பம் வைத்து, நான் கேட்காமலே, அதன் கீழ் நிறுவனத்தின் பெயரையும் எழுதினான். உறையை ஒட்டினேன். தபாலும் எடுக்கும் பக்கத்துப் பலசரக்குக் கடை பூட்டுமுன் நானும் அவனுமாகப் போய், அங்கிருந்த தபால் கவுன்டரில் பதிவுத் தபாலாகக் கொடுத்தோம்.