சிவப்புப் புள்ளி வைத்த டம்ளர்

வார்டுக்கு வெளியே குழாயடியில் அவள் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தட்டு, கிண்ணம், டம்ளர். நான்கு வருஷமாக மற்றவர்களுடையதை முதலில் கழுவிவிட்டு, இவற்றைக் கடைசியில் தனியாகத்தான் கழுவுவாள். பாதி தேய்த்தபோதுதான், இதில் சாப்பிட வேண்டிய புருஷன் உள்ளே வெள்ளைத் துணிக்கு அடியில் கிடப்பது உறைத்தது. இருந்தாலும் மிச்சத்தையும் தேய்த்து முடித்தாள். பழகின கை, சொன்னால் கேட்காது.

டம்ளரின் அடியில் ஒரு சிவப்புப் புள்ளி. டிபி என்று முதலில் சொன்ன அன்று, மற்றவற்றோடு கலந்துவிடக் கூடாதென்று அவரே வேலை பார்த்த கப்பல் யார்டிலிருந்து பெயிண்ட் கொண்டுவந்து வைத்தது. "கப்பலுக்கு அடிக்கிற பெயிண்டுடி. நான் போனாலும் இது போகாது" என்று சிரித்தார். அதன்பிறகு தனித் தட்டு, தனிப் பாய், கதவோரப் படுக்கை. மகள் நோட்டைக் காட்டுவதற்குக்கூட அப்பாவிடமிருந்து மூன்றடி தள்ளி நிற்பாள். அப்படி நிற்கச் சொன்னவள் இவள்தான்.

"அண்ணி, டாக்டர் கூப்பிடறாங்க" என்றான் கொழுந்தன்.

டாக்டர் இந்த வார்டுக்குப் புதிது, சின்ன வயசுப் பெண். படிவத்தை நிரப்பிக்கொண்டே கேட்டார். "என்ன வேலை பார்த்தார்மா?"

"பெயிண்டர்."

போன ஆஸ்பத்திரிகளிலெல்லாம் அதையேதான் சொல்லியிருந்தார்கள். யார்டு வாசலில் காட்டுகிற அட்டையில் அப்படித்தான் இருந்தது. பெண் கேட்டு வந்தபோதும் அப்படித்தான் சொன்னார்கள்.

சுவரோரம் நின்றிருந்த நெட்டை இருமினான். பதினைந்து வருஷம் அவரோடு சேர்ந்து வேலை பார்த்தவன். "பெயிண்ட் அடிச்சது நாலு நாள்னா, மணல் அடிச்சது நாப்பது நாள் மேடம்" என்றான்.

"மணலா?"

"தகட்டுல துரு போனாத்தானே பெயிண்ட் நிக்கும்? மணலைக் குழாய் வழியா காத்துல பீய்ச்சி அடிப்போம். பக்கத்துல நிக்கிறவன் மூஞ்சி தெரியாது, அவ்ளோ தூசி."

"முகமூடி?"

"இருந்துச்சு. பெரிய ஆபீசர் வந்தா மாட்டிக்குவோம். மத்த நாள்ல துண்டுதான்."

டாக்டர் எக்ஸ்ரேயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "சளியில ஒரு தடவைகூட கிருமி வரலை. இது டிபி இல்லைன்னு நினைக்கிறேன்மா. கல்தூசி நுரையீரல்ல தங்கி, அப்படியே இறுகிப்போறது. நிச்சயமா சொல்லணும்னா அறுத்து, ஒரு துண்டு எடுத்துப் பார்க்கணும். நீங்க சம்மதிக்கணும்."

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அது ஒட்டிக்குமா?"

"யாருக்கும் ஒட்டாதும்மா."

கொழுந்தன் பதறிவிட்டான். "வேணாம் அண்ணி. தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, இனி சாண் என்ன, முழம் என்ன? அண்ணனை முழுசா கொண்டுபோவோம். டிபின்னே எழுதித் தரச் சொல்லுங்க."

அவளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. டிபி என்றே இருந்துவிட்டால் அவரை ஒதுக்கி வைத்தது சரி, பிள்ளையைக் காப்பாற்றியதாக ஆகும். இல்லையென்று எழுதி வந்தால், ஒரு மனுஷனை நான்கு வருஷம் காரணமே இல்லாமல் கதவோரம் போட்டு வைத்தவள் ஆகிவிடுவாள். அவளுக்கு எல்லோர் மேலும் கோபம் வந்தது. டாக்டர்கள் மேல், யார்டின் மேல், புள்ளி வைத்துவிட்டுச் சிரித்தவர் மேல். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

நெட்டை மறுபடி இருமினான். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் ஒரு விசிலோடு. நான்கு வருஷமாக வீட்டில் கேட்ட அதே இருமல்.

"உனக்கு எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம்க்கா. டிபி மாத்திரைதான் முழுங்கிட்டிருக்கேன்."

"டாக்டர்கிட்ட என்ன வேலைன்னு சொன்ன?"

நெட்டை தரையைப் பார்த்தான். "கார்டுல இருக்கிறதைத்தான்."

அவள் கையிலிருந்த டம்ளரைப் பைக்குள் வைத்தாள். பிறகு டாக்டரிடம் திரும்பினாள். "பெயிண்டர்னு எழுதினதை அடிச்சிடுங்க. மணல் அடிச்சார்னு எழுதுங்க. எங்க கையெழுத்துப் போடணும்?"

கொழுந்தன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டான்.

மதியம் வரை ஆகும் என்றார்கள். அவளும் நெட்டையும் வராந்தா பெஞ்சில் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்தார்கள். அவனுக்கு இருமல் நிற்கவில்லை. அவள் எழுந்து போய், பையிலிருந்த சிவப்புப் புள்ளி டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "வேணாம்க்கா. வீட்டுல எனக்கும் தனி டம்ளர்தான்."

அவள் டம்ளரைத் தூக்கிப் பிடிக்காமல், விளிம்பில் வாய் வைத்துப் பாதி குடித்தாள். மிச்சத்தை அவனிடம் நீட்டினாள்.