அண்ணன் வைத்த வாய்

என் அண்ணனுக்குக் கை சும்மா இருக்காது. எங்கள் ஸ்டூடியோவில் யார் வந்து படம் எடுத்தாலும் பருவை அழிப்பான், தோளை நிமிர்த்துவான், வழுக்கையில் நாலு முடிகூட நட்டுவிடுவான். தொலையட்டும், வருகிறவர்கள் கேட்கிறார்கள். என் படங்களில் கை வைக்கச் சொல்லி இவனை யார் கேட்டது?

முகவாதம் வந்து என் முகத்தின் வலது பக்கம் தொங்கிப்போன இருபத்தாறு நாளும், கடை திறக்கும் முன் ஸ்டூலில் உட்கார்ந்து, கேமராவில் டைமர் வைத்து, என்னை நானே எடுத்தேன். காபி குடித்தால் கடைவாயில் ஒழுகும். வலது கண் மூடாது, தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, பார்க்க வந்த அத்தை, "முகத்த மூடிக்கோம்மா, குழந்தைங்க பயப்படுது" என்றாள். மறுநாள் படத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு கேமராவை முறைத்தேன். நான் எடுத்ததிலேயே உயிருள்ள படம் அதுதான்.

உருவப்படக் கண்காட்சிக்கு அந்த இருபத்தாறையும் அனுப்ப இன்றுதான் கடைசி நாள். மதியம் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அத்தனை படத்திலும் வாய் நேராக இருந்தது.

"கோணலா இருந்துச்சும்மா. எல்லாத்தையும் நேராக்கி அதுமேலயே சேவ் பண்ணிட்டேன். ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து பண்ணேன்" என்றான், பெரிய உபகாரம் செய்தவன் மாதிரி.

"மெமரி கார்டு?"

"அழிச்சுட்டேன். இடம் வேணும்ல?"

"அடப்பாவி! அந்தக் கோணல்தாண்டா படமே!"

பிறந்ததிலிருந்து அண்ணனை நான் 'டா' போட்டதில்லை. பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்திருந்தவர், பாதி சீவிய தலையோடு எழுந்து போய்விட்டார்.

"இப்ப என்ன ஆயிடுச்சு? மறுபடி எடுத்துக்கோயேன்."

எதை எடுப்பது? எனக்குத்தான் குணமாகித் தொலைத்துவிட்டதே! வாய் ஒழுங்காக இருக்கிறதே என்று வயிறெரிந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இருபத்தாறிலும் ஒரே வாய். கடை வாசல் கண்ணாடிப் பெட்டியில் விளம்பரத்துக்கு மாட்டியிருக்கிறானே, பதினெட்டு வயதில் என்னை இளிக்கச் சொல்லி எடுத்த படம், அதன் வாய். வெட்டி ஒட்டியிருக்கிறான். மேலே தண்ணீர் கொட்டும் கண், கீழே பல் தெரியும் சிரிப்பு. எனக்கே பார்க்கப் பயமாக இருந்தது.

விண்ணப்பத்தில் படங்களைப் பற்றி எழுத ஒரு கட்டம் இருந்தது. "கண் என்னுடையது. வாய், என்னைப் பார்க்கச் சகிக்காமல் என் அண்ணன் வைத்தது" என்று தட்டினேன்.

பின்னால் நின்று படித்தவன் பதறிப்போனான். "ஐயையோ, இத அனுப்பாத! என் மானம் போயிடும். நாலு பேர் உன்னக் கேவலமாப் பேசக் கூடாதுன்னுதானே பண்ணேன்!"

"எந்த நாலு பேர்? இருபத்தாறு நாளும் என்கூடப் பேசும்போது நீ செவுத்தத்தானே பாத்துட்டிருந்த?"

அவன் அப்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அனுப்பிவிட்டேன்.