தகரத் தடுப்புக்கு வெளியே ஒரு கச்சேரி

கஜா புயலுக்கு அடுத்த கோடையிலிருந்து, காரைக்கால் பக்கத்து மீனவ ஊரான கருக்களாச்சேரியில் யாராவது தான் போய்வந்த கச்சேரியைப் பற்றிப் பேச வாயைத் திறந்தால் அந்தக் கச்சேரியே கேட்கத் தொடங்கியது. முதலில் இது நடந்தது காத்தமுத்துவின் டீக்கடையில். ஒரு விசைப்படகு டிரைவர் திருச்சியில் கேட்ட தவிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது பாய்லருக்குப் பின்னாலிருந்து தவில் அதிர்ந்தது. டம்ளர்கள் தட்டில் குதித்தன. எல்லோரும் தங்கள் போனைத்தான் எடுத்துப் பார்த்தார்கள். டிரைவர் பேச்சை நிறுத்தினார், தவில் நின்றது. மறுபடி பேசினார், விட்ட இடத்திலிருந்து வந்தது. அன்று டீ பத்து ரூபாய், மறுநாளும் பத்து ரூபாய்தான். ஊர் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. கோட்டுச்சேரிமேட்டிலும் அப்படித்தான் கேட்கிறதாம் என்று செய்தி வந்தபோது, அங்கேயும் மனுசங்கதானே இருக்காங்க என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

ஆனால் அவரவர் எப்படிக் கேட்டார்களோ அப்படித்தான் வெளியே வந்தது. தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டவர் சொன்னால் பாட்டு தூணைச் சுற்றிக்கொண்டு வரும். பாட்டுக்கு நடுவே பக்கோடா வாங்கப் போனவர் சொன்னால் அந்த இடத்தில் பாட்டு மங்கி எண்ணெய் வாசனை அடிக்கும். இதையெல்லாம் முறைப்படுத்தத்தான் ஒரு மன்றம் வந்தது. படகு எஞ்சின் உதிரிபாகக் கடை வைத்திருந்த சுந்தரமூர்த்தி தலைவரானார். மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்கும், ஆண்கள் ஊசியும் நூலுமாகக் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருப்பார்கள், மீன் ஏலக்கூடம் மத்தியானத்துக்கு மேல் காலியாக இருக்கும். அந்த நேரத்தில் மன்றம் அங்கே கூடியது. நெரவியிலிருந்துகூட அறுவடை முடித்தவர்கள் பைக்கில் வந்தார்கள். விதிகள் இரண்டுதான். கச்சேரிக்கு உள்ளே போனவர்கள் மட்டுமே கூடத்துக்குள் அமர்ந்து பேசலாம். ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசக் கூடாது. இரண்டாவது விதி பட்டறிந்து போட்டது. ஒருமுறை ஒருவர் வீணையையும் இன்னொருவர் கானாவையும் சேர்ந்தாற்போல் சொல்லப் போய் ஐஸ் பெட்டிகள் விரிசல் விட்டன.

முதல் விதிதான் மீன் வியாபாரி அஞ்சுகத்தைக் கூடத்துக்கு வெளியே நிறுத்தியது. இத்தனைக்கும் காலையில் அதே கூடத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். ஏலத்தில் அவள் விலை சொன்னால் மற்ற வியாபாரிகள் கொஞ்சம் யோசித்துத்தான் மேலே ஏறுவார்கள். மத்தியானம் ஆனால் அவள் தூணுக்கு வெளியே வெயிலில் முக்காடு போட்டுக்கொண்டு நிற்பாள். உள்ளே முதல் வரிசையில் அவள் கணவன் நாகராஜ் முழு உறுப்பினராகக் காலை நீட்டி உட்கார்ந்திருப்பான்.

இதன் தொடக்கம் இப்படி. கொரோனா ஓய்ந்த மறு வருஷம் நாகராஜ் போன விசைப்படகு எஞ்சின் நின்று எங்கோ இழுபட்டுப் போனது. கரையில் தேடாதவர்கள் இல்லை, கும்பிடாத சாமி இல்லை. அஞ்சுகம் மட்டும் அலை தொடுகிற இடத்தில் உட்கார்ந்து பாடகி எழில்மங்கையின் ஒரே பாட்டைப் போனில் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். அழுகை வராமலிருக்க அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். போன் சார்ஜ் தீர்ந்து அணைந்தது. பாட்டு நிற்கவில்லை. அணைந்த போனை மடியில் வைத்துக்கொண்டு அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். எஞ்சின் மறுபடி உயிர்பெற்றுப் படகு கரை வந்து சேர்ந்தபோது, உப்புப் பூத்த முகத்தோடு இறங்கிய நாகராஜ் சொன்ன முதல் பேச்சு, "தண்ணி குடுங்க" என்பது. இரண்டாவது, "எந்தப் பொம்பளடா அது, பாடிக்கிட்டே இருந்துச்சு? அந்தச் சத்தம் வந்த பக்கமாத்தான் வுட்டுக்கிட்டு வந்தோம்."

அன்றே அஞ்சுகம் நேர்ந்துகொண்டாள். காரைக்காலில் ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீதி உலா வரும்போது, வேண்டுதல் நிறைவேறியவர்கள் மாடியில் நின்று அவர்மேல் மாம்பழம் வீசுவார்கள். தலையில் பட்டாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, பிடித்தவர் பாக்கியசாலி. அஞ்சுகத்துக்குத் தெரிந்த நன்றி அதுதான். புருசனைக் கொண்டுவந்து சேர்த்தது எழில்மங்கையின் குரல் என்றால், அவளுக்கும் மாம்பழம் வீசித்தானே ஆக வேண்டும். சென்னைக்குப் பக்கத்தில் எழில்மங்கை கச்சேரி என்று தெரிந்ததும் இரண்டு டிக்கெட் எடுத்தாள். ஒரு துணிப்பை நிறைய நல்ல பழமாகப் பொறுக்கி, ஒன்றுகூட நசுங்காமல் மடியில் வைத்தே பஸ்ஸில் கொண்டுபோனாள்.

வாசலில் காவலுக்கு நின்ற பையன் பையைத் திறந்து பார்த்தான். வெளித் தீனி உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றான். அஞ்சுகம் அவனைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னாள்.

"திங்கிறதுக்கு இல்ல தம்பி. பாடுறவங்க மேல வீசுறதுக்கு."

அந்தப் பையன் இன்னொருவரைக் கூப்பிட்டான். அவர் மேலும் இரண்டு பேரைக் கூப்பிட்டார். காரைக்கால்காரர் ஒருத்தர் அங்கே இருந்திருந்தால் விஷயம் சிரிப்போடு முடிந்திருக்கும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. பையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு உள்ளே போகலாம் என்றார்கள். நேர்ந்த பழத்தைக் குப்பையில் போட்டுவிட்டு உள்ளே போய் அவள் என்ன செய்ய? நாகராஜை மட்டும் போகச் சொல்லிவிட்டு மைதானத்தைச் சுற்றி நடந்தாள். மேடைக்குப் பக்கவாட்டில், ஜெனரேட்டருக்கும் சுண்டல் வண்டிக்கும் நடுவில் தகரத் தடுப்போரம் ஓர் இடம் கிடைத்தது. அங்கே நின்று, காதைத் தகரத்தில் ஒட்டவைத்து, சூடு பொறுக்க முடியாதபோது எடுத்து, மறுபடி ஒட்டவைத்து முழுக் கச்சேரியையும் கேட்டாள். அவளுடைய பாட்டு வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து ஒவ்வொரு பழமாக எடுத்து, தடுப்புக்கு மேலே தன் பலம் கொண்டமட்டும் வீசினாள். எங்கே விழுந்தன என்று அவளுக்குத் தெரியாது. உள்ளே போன நாகராஜோ, கடலில் பகலும் இரவும் மாறிப்போன உடம்பு, மெத்தை வைத்த நாற்காலி, முதல் பாட்டு முடிவதற்குள் தூங்கிவிட்டான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று அஞ்சுகம் இன்றைக்கும் சொல்வாள். அவனும் ஆமாம் என்பான்.

அதனால் மன்றத்தில் நாகராஜ் அந்தக் கச்சேரியைச் சொல்லும்போது கூடம் முழுக்கக் குறட்டை மட்டும் கேட்டது. நல்ல லயமான குறட்டைதான், இருந்தாலும் குறட்டை. ஊரிலிருந்து அந்தக் கச்சேரிக்குப் போன இன்னொருவர் சுந்தரமூர்த்தி. அவர் தொடக்கத்திலிருந்து முடிவுவரை போனைத் தூக்கிப் பிடித்து அதன் வழியாகவே பார்த்தவர். ஆகவே அவர் சொன்னால் எழில்மங்கை உள்ளங்கை அகல வெளிச்சத்தில், தீப்பெட்டிக்குள் அடைபட்டவள் போலக் கீச்சுக்குரலில் பாடினாள். நடுவில் ஓரிடத்தில் அந்த வெளிச்சத்தில் மஞ்சளாக ஒரு புள்ளி குறுக்கே ஓடும். லென்சில் அழுக்கு என்று சுந்தரமூர்த்தி சட்டை நுனியால் காற்றைத் துடைப்பார். புள்ளி போகாது.

அஞ்சுகம் ஒவ்வொரு தடைக்காலத்திலும் கேட்டுப் பார்த்தாள். கேட்டதுதானே கணக்கு, நின்ற இடமா கணக்கு என்றாள். ஏலத்தில் வட்டத்துக்கு வெளியே நின்று விலை சொன்னாலும் செல்லுமே, இது மட்டும் ஏன் செல்லாது என்றாள். ஒரு வருஷம் தொந்தரவு தாங்காமல் வாசற்படியில் நின்று சொல்ல அனுமதித்தார்கள். ஜெனரேட்டர் எழுந்து உறுமியது. டீசல் நாற்றம் அடித்தது. சுண்டல் சட்டியில் கரண்டி தட்டியது. அதற்கெல்லாம் அடியில், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ குழந்தையைத் தூங்கவைப்பது போல ஒரு குரல். அவ்வளவுதான். முழுதாக ஒரு பாட்டு முடிவதற்குள் கூடம் சிரித்து ஓய்ந்துவிட்டது.

"அஞ்சுவம், கோவிச்சிக்காத. இது கச்சேரி இல்ல, கரண்டு ஆபீசு," என்றார் சுந்தரமூர்த்தி.

சிரிப்பை அவள் தாங்கிக்கொண்டாள். மீன் விற்கிறவளுக்குத் தோல் தடிப்பு. அவளை அரித்தது வேறு. அந்தப் பழங்கள் போய்ச் சேர்ந்தனவா? மேடையில் விழுந்திருந்தால் நேர்த்திக்கடன் தீர்ந்தது. புல்லில் விழுந்து யார் காலிலாவது மிதிபட்டிருந்தால்? எழில்மங்கை அதற்குப் பிறகு வெளிநாட்டு மேடைகளுக்கே போய்க்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை வீசவும் வழியில்லை. தீராத கடனை வைத்துக்கொண்டு புருசனைக் கடலுக்கு அனுப்புவது எப்படியிருக்கும் என்று அனுப்பியவர்களுக்குத்தான் தெரியும். நாகராஜ் படகேறுகிற ஒவ்வொரு முறையும் அவள் கரைக்குப் போய் நின்றாள். படகு திரும்பும்வரை அவளுக்குச் சோறு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. அவள் பயப்படுகிறாள் என்று சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை, ஆனால் பயம்தான். தடைக்காலம் வந்தால் ஊரே கையைப் பிசையும். அவள் ஒருத்தி மட்டும் உடம்பு தேறுவாள்.

இந்த வருஷம் தடைக்காலம் முடியப்போகிற வாரத்தில் நெரவியிலிருந்து பங்கஜவல்லி வந்தாள். காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை, சொந்தத்தில் கொஞ்சம் நிலம், அதிகம் பேசாத பெண். தானும் அதே எழில்மங்கை கச்சேரிக்குப் போயிருந்ததாகவும், கடைசி வரிசை என்பதால் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் நன்றாகக் கேட்டது என்றும் சொன்னாள். நாற்காலி போட்டார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கியதும், கூடத்தின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேலே உயர்ந்தது போலிருந்தது. குறட்டையில்லாத, தீப்பெட்டிக்குள் அடைபடாத எழில்மங்கையை ஊர் அன்றுதான் கேட்டது. வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் ஊசியைக் கீழே வைத்தார்கள். சுந்தரமூர்த்தி போனை எடுத்து, ஏதோ நினைத்துக்கொண்டு மறுபடி பைக்குள் போட்டார்.

பிறகு அந்தப் பாட்டு வந்தது. அஞ்சுகம் வெளியே தூணைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாம் சரணத்தில், வரி முடியாமல் குரல் சட்டென்று நின்றது. எங்கிருந்தோ ஒரு சின்னச் சிரிப்பு. பிறகு பாட்டு தொடர்ந்தது.

"ஏன் நிறுத்துனாங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"தெரியலிங்க. முன்னாடி எல்லாரும் எந்திரிச்சிட்டாங்க, எனக்கு மறைச்சிடுச்சு. சிரிச்சது மட்டும் கேட்டுச்சு," என்றாள் பங்கஜவல்லி.

அஞ்சுகம் தூணை விட்டு வாசற்படிக்கு அருகே வந்தாள். "பங்கஜம், அந்த எடத்த இன்னொரு வாட்டி சொல்லும்மா," என்றாள் வெளியிலிருந்து. பங்கஜவல்லி சொல்லத் தொடங்கியதும் அஞ்சுகமும் சொல்லத் தொடங்கினாள். சுந்தரமூர்த்தி விதியைச் சொல்லிக் கையை ஆட்டினார், யாரும் பார்க்கவில்லை. ஜெனரேட்டர் உறுமியது; ஐஸ் பெட்டிகளைப் பிடித்துக்கொள்ள நாலு பேர் ஓடினார்கள். ஆனால் இந்த முறை எதுவும் விரிசல் விடவில்லை. இரண்டும் ஒரே கச்சேரி அல்லவா? உள்ளேயிருந்து முழுக்குரலும் வெளியேயிருந்து தகரத்தில் அதிர்ந்த குரலும் தாளம் பிசகாமல் சேர்ந்தன. இரண்டுக்கும் நடுவில், கூடத்தின் வாசற்படியில், தகரத் தடுப்பு நின்றது. சிலர் அதைத் தொட்டுப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

"பையில கைய வுடுறேன்," என்றாள் அஞ்சுகம். "எடுக்குறேன். வீசுறேன்."

தடுப்புக்கு மேலே ஒரு மாம்பழம் எழுந்து கூடத்துக்குள் வந்தது. அதன் பின்னால் இன்னொன்று, இன்னொன்று. முதல் பழம் புல்லில் விழுந்த சத்தம் கேட்டது. அடுத்ததும் புல்தான். அஞ்சுகத்தின் முகம் செத்துப்போனது; ஆனாலும் சொல்வதை அவள் நிறுத்தவில்லை. பைக்கு அடியில் கிடந்த கடைசிப் பழம், சின்னது, காம்பில் இலையோடு, சுழன்றுகொண்டே போய் இரண்டாம் சரணத்தில் நுழைந்தது. வரி நின்றது. ஓர் உள்ளங்கையில் பழம் வந்து விழுகிற சத்தம், மீன்காரர்களுக்குத் தெரியாததா, நல்ல பிடி. அதற்குப் பிறகுதான் அந்தச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து, மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு எழில்மங்கை சொன்னதும் அன்றுதான் கேட்டது. "யாருன்னு தெரியல. நல்லாருங்க."

சுந்தரமூர்த்தி, "அப்ப அது அழுக்கு இல்லியா," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தூங்கிக்கொண்டிருந்த நாகராஜ் மாம்பழ வாசனைக்கு எழுந்தான். புல்லில் விழுந்த பழங்கள் ஏலக்கூடத்துச் சிமெண்டுத் தரையில் நிஜமாகவே கிடந்தன. கழுவி நறுக்கி எல்லோரும் தின்றார்கள். ஒன்றிரண்டு கொஞ்சம் டீசல் வாசனை அடித்தது, இனிப்பில் குறையில்லை. கடைசிப் பழம் மட்டும் கிடைக்கவில்லை. அது போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது என்று சொல்லிவிட்டு அஞ்சுகம் மூக்கைச் சிந்தினாள். முதல் விதியை மாற்ற வேண்டும் என்று பங்கஜவல்லி சொன்னாள். நிற்கிற இடம் கணக்கில்லை என்று சுந்தரமூர்த்தி அங்கேயே அறிவித்தார். அஞ்சுகத்துக்கு முதல் வரிசையில் நாற்காலி போட்டார்கள். அவள் நாகராஜைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு அமர்ந்தாள்.

தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கிளம்பிய விடியலில் ஊர்ப் பெண்கள் எல்லோரும் கரையில் நின்றார்கள். அஞ்சுகம் வரவில்லை. நாகராஜ் படகில் ஏறிவிட்டு வழக்கமான இடத்தை இரண்டு முறை திரும்பிப் பார்த்தான். பிறகு போன் போட்டான்.

"என்னடி, ஆளக் காணும்?"

"தூங்கிக்கிட்டு இருக்கேன். மீன் கொண்டாந்தா எழுப்புங்க," என்றாள் அவள்.

படகுகள் திரும்பிய அன்று ஏலம் எப்போதும்போல நடந்தது. இறால் விலை கொஞ்சம் இறங்கியிருந்தது. அஞ்சுகம் நேரத்துக்கு வந்து வட்டத்துக்கு வெளியே நின்றபடியே விலை சொன்னாள். அவள் பேசிய இடத்தில் லேசாக மாம்பழ வாசனை அடித்தது, அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.