ராணிக்கோட்டையில் ஒரு பால் பவுடர் டின்

ஊறிப்போன நோட்டை தர்மவதி இரண்டு விரலால் தூக்கினாள். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கூழாகக் கையோடு வந்தன.

செஞ்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் அவள் விஞ்ஞான ஆசிரியை. சாரணியர் படையும் அவள் பொறுப்பில்தான் இருந்தது. வெளிநாட்டில் மேட்டு நிலங்களில் பெட்டியை ஒளித்து வைத்து, குறிப்பை மட்டும் எழுதிக் கொடுத்துத் தேடவிடும் விளையாட்டைப் பற்றி ஒரு பத்திரிகையில் படித்திருந்தாள். பெட்டிக்குள் ஒரு நோட்டும் ரப்பர் முத்திரையும் இருக்கும். கண்டுபிடித்தவர் நோட்டில் முத்திரை குத்திப் பெயரெழுதிவிட்டு, பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். அதை ராணிக்கோட்டை மலையில் நடத்த நினைத்து ஒரு பிஸ்கட் டின்னைப் பாறையிடுக்கில் செருகி வைத்தாள். புரட்டாசியில் பெய்த ஒரே மழையில் அது இந்தக் கதிக்கு வந்துவிட்டது.

சனிக்கிழமை காலையில், கூடை நிறைய டப்பாக்களோடு பஸ் ஸ்டாண்டு அருகே இருந்த ஜெயராமனின் சைக்கிள் கடைக்குப் போனாள்.

"இன்னா டீச்சர், பாத்திரக் கடை வச்சிட்டீங்களா?"

"உங்க பஞ்சர் தொட்டி வேணும். ட்யூபை முக்கிப் பாக்குற மாதிரி இதையெல்லாம் முக்கிப் பாக்கணும்."

ஜெயராமன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். பிஸ்கட் டின்னை அமுக்கியதும் நாலா பக்கமும் குமிழி கிளம்பியது. அலுமினியத் தூக்குக்கு மூடி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஊறுகாய் பாட்டில் மட்டும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தது.

"இதையே வச்சிடுங்க."

"கொரங்கு எடுத்துப் பாறையில போட்டா? புள்ளைங்க வெறுங்காலோட நடக்குற எடம்."

மிஞ்சியது பால் பவுடர் டின். அமுக்கி மூடும் மூடியின் ஓரத்தில் மெல்லிய குமிழிகள் வரிசையாக வந்தன. ஜெயராமன் பழைய ட்யூபில் ஒரு வளையம் வெட்டி, மூடியைச் சுற்றி இழுத்து மாட்டினான். மறுபடி முக்கினார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை.

தர்மவதி அதோடு விடவில்லை. ஈரம் பட்டால் ஊதாவாக மாறும் மை பென்சிலைச் சுரண்டி, அந்தத் தூளை ஒரு காகிதத்தில் தேய்த்து உள்ளே போட்டாள். டின் ராத்திரி முழுக்கத் தொட்டியில் கிடந்தது. காலையில் திறந்தபோது காகிதம் சாம்பல் நிறத்திலேயே இருந்தது.

அதே டின்னை மலையில் வைத்து, அடுத்த மழை ஓய்ந்ததும் போய்த் திறந்தாள். காகிதம் முழுக்க ஊதா.

தொட்டிக்குள் கிடந்தபோது புகாத தண்ணீர், சாரல் அடித்ததற்கா புகுந்தது? அன்று முழுக்க இதே யோசனை. வகுப்பில் இருமுறை கரும்பலகை முன் சும்மா நின்றாள். சாப்பாட்டு நேரத்தில் பள்ளி முற்றத்து சிமெண்டுத் தரை காலைச் சுட்டபோதுதான் பொறி தட்டியது. டின்னைத் துடைத்து மூடி அந்தத் தரையிலேயே ஒரு மணி நேரம் காயவைத்தாள். பிறகு ஒரு வாளித் தண்ணீரை அதன்மேல் சடாரென்று ஊற்றினாள். திறந்து பார்த்தால் அடியில் ஒரு ஸ்பூன் தண்ணீர்.

சாயங்காலம் ஜெயராமனிடம் ஓடினாள். "டின்னு மேல தப்பில்லைங்க. பாறைச் சூட்டுல உள்ள இருக்குற காத்து வெளிய போயிடுது. மழை பட்டு ஜில்லுன்னு ஆனதும் திரும்ப இழுக்குது. அப்போ தண்ணியும் சேர்ந்து வருது."

"அப்போ வெயிலே படாத எடமா வேணும்னு சொல்லுங்க."

அதைத் தேடித்தான் மறுநாள் மலையேறினாள். நிழல் இருந்த இடத்தில் தண்ணீர் வழிந்த தடம் இருந்தது. தடம் இல்லாத இடத்தில் வெயில் அடித்தது. பாதி மலையில் புல்லறுத்துக்கொண்டிருந்த நாகம்மாள் என்ற பெண், ஏறுவதும் இறங்குவதுமாக இருந்த இவளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் வயதுதான் இருக்கும்.

"இன்னாம்மா தொலைச்சிட்ட?"

தர்மவதி விஷயத்தைச் சொன்னாள். நாகம்மாள் முழுக்கக் கேட்டுவிட்டு, அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். இரண்டு பெரும்பாறைகள் சாய்ந்து நின்ற இடத்தில் குனிந்து கையை உள்ளே விட்டாள். தோள்வரை போயிற்று.

"மழை வந்தா என் தீப்பெட்டி, வெத்தலைப்பை எல்லாம் இதுலதான். கையை விட்டுப் பாரு."

உள்ளே குளுமையாக இருந்தது. விரலில் பொடி மண் ஒட்டியது.

"நின்னாப்பல வைக்காத. வாயைக் கவுத்து வையி, கல்லு மேல."

நாகம்மாளுக்கு டின்னைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது. முத்திரையில் ஒரு மயில். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், "நானும் ஒண்ணு குத்தட்டுமா?" என்றாள். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, முதல் பக்கத்தில் நிதானமாக அழுத்தினாள். அவள் பெயரை தர்மவதி பக்கத்தில் எழுதினாள்.

ஐப்பசியில் நாலு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் தர்மவதி தனியாகப் போய்ப் பார்த்தாள். காகிதம் நிறம் மாறவில்லை. நோட்டைப் புரட்டினால் மடமடவென்று சத்தம் கேட்டது. அங்கேயே பாறையில் உட்கார்ந்து, தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை பன்னிரண்டு பெண்கள் குறிப்புச் சீட்டோடு மலையேறினார்கள். பதினோரு மணிக்கு ரஞ்சிதம் என்ற பெண்தான் கையை விட்டு டின்னை எடுத்தாள். மற்றவர்கள் அந்த இடத்தை மூன்று முறை தாண்டிப் போயிருந்தார்கள்.

இறங்கும்போது தர்மவதி நாகம்மாளிடம் கேட்டாள். "டின் எங்கன்னு உங்களைக் கேட்டாங்களா?"

"எல்லாந்தான் கேட்டுதுங்க." நாகம்மாள் புல்லுக்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். "நான் வாயில வெத்தலை வச்சிக்கினு இருந்தேன், எப்படிப் பேசறது?"